மலையில்லாச் சீமையில் பருந்து வழி

கும்பாபிஷேகத்துக்குப் போகிறவர்கள் கலசத்தை மட்டும் பார்ப்பதில்லை; கருடன் வந்து வட்டமிட்டதா என்று வானத்தையும் தேடுவார்கள். 2025 ஏப்ரல் 4-ம் தேதி உத்தரகோசமங்கை மங்களநாத சுவாமி கோயில் குடமுழுக்குக்குக் கூடிய கூட்டமும் அப்படித்தான் அண்ணாந்திருக்கும். கருடன் என்று நாம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் செம்பருந்து உள்ளூர்வாசி. ஆண்டு முழுக்க இங்கேதான் கிடக்கும். அதே பங்குனியில், கும்பிட ஆளில்லாத வேறு சில பருந்துகள் இந்த ராமநாதபுரச் சீமையைக் காலி செய்துகொண்டு வடக்கே கிளம்பியிருக்கும். மத்திய ஆசியப் புல்வெளிகள் வரை அவற்றுக்குப் பயணம் இருக்கிறது.

பூனைப்பருந்துகளைச் சொல்கிறேன். மெலிந்த உடம்பு, நீண்ட இறக்கை, ஆந்தைச் சாயலில் வட்ட முகம். இறக்கையைச் சற்றே மேலே தூக்கி வைத்துக்கொண்டு, கண்மாய்க் கரையையும் தரிசையும் ஒட்டித் தாழப் பறக்கும். புல்லுக்குள் ஓடும் எலி, ஓணான், வெட்டுக்கிளிதான் இரை. மார்கழித் திருவாதிரைக்கு உத்தரகோசமங்கை மரகத நடராசரைச் சந்தனக் காப்பில்லாமல் தரிசிக்கப் பேருந்தில் வருகிறவர்கள், ஜன்னல் வழியே வயலைக் கவனித்தால் ஒன்றிரண்டு கண்ணில் படலாம்.

இவை எந்த வழியாக வருகின்றன, எப்போது, எத்தனை? இதற்கென்றே மலையேறும் தன்னார்வலர்கள் உலகில் பல இடங்களில் உண்டு. நேபாளத்தில் பொக்காரா பக்கம் தூலாகர்க்கா என்ற மலைமுகட்டில் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் உட்கார்ந்து எண்ணுகிறார்கள். பெரிய கழுகுகள் இறக்கையடித்துச் சக்தியை வீணாக்குவதில்லை. வெயிலில் சூடேறி எழும் காற்றிலும், மலைச்சரிவில் மோதி மேலேறும் காற்றிலும் தொற்றி உயர்ந்து, அங்கிருந்து சறுக்கிக்கொண்டே அடுத்த காற்றைப் பிடிக்கும். அதனால்தான் முகட்டில் உட்கார்ந்தவருக்கு அவை வரிசையாகக் கிடைக்கின்றன. குளிருக்கு அஞ்சி வரும் புல்வெளிக் கழுகுகள் இமயத்தைத் தாண்டியதும் நேரே தெற்கே இறங்கிவிடும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் தர்மசாலாவில் 2001-ல் ஜான் வில்லெம் டென் பெஸ்டன் என்ற பறவை ஆய்வாளர் எண்ணியபோது, அவை மலைத்தொடரை ஒட்டி ஆயிரக்கணக்கில் மேற்கு நோக்கிப் போவது பதிவானது. வரைபடத்தை வைத்து ஊகித்திருந்தால் இது தெரிந்திருக்காது.

இந்த எண்ணும் பழக்கத்தின் தாய்வீடு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள ஹாக் மவுன்டன். வலசை வரும் பருந்துகளை மலைமேல் நின்று வேடிக்கைக்குச் சுட்டுத் தள்ளிய இடம் அது. 1934-ல் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்து, மாரிஸ் புரூன் என்ற இளைஞரைக் காவலுக்கு வைத்தார். புரூன் சம்பளம் வாங்கவில்லை. அவர் மனைவி இர்மா வாசலில் நின்று துப்பாக்கிக்காரர்களைத் திருப்பி அனுப்பினார். காவல் காத்த நேரத்தில் புரூன் பருந்துகளை எண்ணி எழுதினார். டி.டி.டி. பூச்சிக்கொல்லி பறவைகளை என்ன செய்கிறது என்று ரேச்சல் கார்சன் 1962-ல் எழுதியபோது, இளம் கழுகுகள் குறைந்துவருவதைக் காட்ட அந்த மலையின் கணக்குதான் கைகொடுத்தது. எண்ணத் தொடங்கியபோது அது எதற்குப் பயன்படும் என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

நம் சீமைக்கு வருவோம். ராமநாதபுரத்தில் மலையும் இல்லை, அடிவாரமும் இல்லை; உயரம் என்றால் பனைமரமும் கோபுரமும்தான். ஆனால் நிலம் முடிகிற இடம் இருக்கிறது. கடலுக்கு மேல் சூடான காற்று நிலத்தைப் போல் வலுவாக எழுவதில்லை. ஆகவே அகன்ற இறக்கைப் பறவைகள் நீண்ட கடல்வெளியைத் தவிர்க்கப் பார்க்கும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். இலங்கையிலும் குளிர்காலத்தில் பூனைப்பருந்துகள் இருக்கின்றன என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். மலைமுகடு செய்கிற வேலையை இங்கே ஒரு மணல்திட்டு செய்யக்கூடும். தனுஷ்கோடியில் 2025 ஜூனில் பூநாரைகளுக்குச் சரணாலயம் அறிவித்தார்கள். அந்த வானத்தைப் பருந்துக்காகவும் கொஞ்சம் பார்க்கலாம்.

பூனைப்பருந்தை எண்ண இன்னொரு வழியும் உண்டு. அவை மரத்தில் அடைவதில்லை. பொழுது சாய்ந்ததும் புல்வெளிக்குக் கூட்டமாக வந்து தரையிலேயே படுத்துக்கொள்ளும். சுற்றி நான்கு பேர் நின்றால் மாலையிலேயே கணக்கு முடிந்துவிடும். ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தின் டி.கணேஷும் அவரது குழுவினரும் இப்படித் திரட்டிய எண்கள் நல்ல செய்தி சொல்லவில்லை. ஆந்திரத்தின் ரோல்லபாடு புல்வெளியில் 1980-களில் ஆயிரத்தை ஒட்டி அடைந்த பூனைப்பருந்துகள், 2010-களின் நடுவில் நூற்றுக்கும் கீழே போய்விட்டன. புல்வெளி சுருங்கியதும் வயலில் பூச்சிமருந்து பெருகியதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

இரண்டும் நமக்குப் புதிதல்ல. தரிசையும் கண்மாயையும் மூடிக்கொண்ட சீமைக்கருவேலங்காட்டுக்குள் பூனைப்பருந்தால் இறங்கி வேட்டையாட முடியாது. அதற்கு வெட்டவெளி வேண்டும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாய் விளையும் மண்ணில் மருந்தடிப்பு எவ்வளவு என்பதை விவசாயிகளே சொல்வார்கள். வெட்டுக்கிளியைக் கூலியில்லாமல் பிடித்துத் தின்னும் விருந்தாளி வயலுக்கு வருவது குறைந்தால், நட்டம் பருந்துக்கு மட்டுமா?

தமிழ்நாட்டில் 2015-லிருந்து பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. கைபேசியில் இ-பேர்டு செயலி இருந்தால் யாரும் சேரலாம். நல்ல முயற்சிதான், ஆனால் தை மாதத்தில் பறவைகள் வந்து சேர்ந்து அமர்ந்துவிடுகின்றன. யார் தங்கியிருக்கிறார்கள் என்று அது சொல்லும், எந்த வழியாக வந்தார்கள் என்று சொல்லாது. வழி தெரிய வேண்டுமானால் புரட்டாசி, ஐப்பசியிலும் பங்குனியிலும் பார்க்க வேண்டும்.

வரும் ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலை நேரத்தில், கண்மாய்க் கரையிலோ மொட்டை மாடியிலோ அரை மணி நேரம் நில்லுங்கள். பருந்து வந்தால் நேரம், எண்ணிக்கை, பறந்த திசை மூன்றையும் பதியுங்கள். எந்த வகை என்று தெரியாவிட்டால் பூனைப்பருந்து என்று மட்டும் குறித்தால் போதும், செயலி ஏற்றுக்கொள்ளும். ஒன்றும் வரவில்லை என்றால், பார்த்த மற்ற பறவைகளைக் குறித்துப் பட்டியலை முழுமையானது என்றே அனுப்புங்கள். பருந்து இல்லாத நாளும் கணக்கில் சேரும்.