மீநாயகர் வரைகதைகளில் சிறுவயது மனக்காயம்

மீநாயகர் வரைகதைகளில் சிறுவயது மனக்காயம் என்பது, வரைகதை நாயகர் ஒருவர் தம் இளமையில் அடைந்த இழப்பு, வன்முறை, தனிமை ஆகியவற்றை அவருடைய பிற்கால ஆற்றலுக்கும் அலைக்கழிப்புக்கும் காரணமாகக் காட்டும் கதைமரபாகும். அக்காயம் ஆறாத நிலையில் நாயகரின் உள்ளிருந்தே அவரை எதிர்க்கும் சினம், குற்றவுணர்வு, அச்சம், போதைப்பழக்கம் முதலியவை உட்பகை அல்லது உள்ளப் பேய் என உருவகமாகச் சுட்டப்படுகின்றன. இம்மரபு அமெரிக்க வரைகதைகளில் 1930களின் இறுதியில் வேரூன்றியது. தமிழில் மொழிபெயர்ப்பு வரைகதைகளின் வழி அறிமுகமானது. எனினும், பெற்றோரை இழந்த சிறுவன் ஒருவன் பெரும் நாயகனாகும் கதை தமிழுக்குப் புதியதன்று. கடலூர், சிதம்பரம் பகுதியோடு தொடர்புடைய பெரியபுராணத்தில் அதன் பழைய வடிவம் ஒன்று காணப்படுகிறது.

தோற்றக் கதை

மீநாயகர் எவ்வாறு மீநாயகரானார் என்பதைக் கூறும் பகுதி தோற்றக் கதை எனப்படும். பெரும்பாலான தோற்றக் கதைகள் ஓர் இழப்பில் தொடங்குகின்றன. 1938ஆம் ஆண்டு வெளியான சூப்பர்மேன் தன் பெற்றோரையும் பிறந்த கோளையும் இழந்த குழந்தை. 1939ஆம் ஆண்டு மே மாத இதழில் அறிமுகமான பேட்மேனுக்கு முதலில் தோற்றக் கதை இல்லை. அதே ஆண்டு நவம்பர் இதழில்தான், சிறுவன் புரூஸ் வெய்ன் கண்ணெதிரே பெற்றோர் இருவரும் வழிப்பறிக்காரனால் சுட்டுக் கொல்லப்பட்ட நிகழ்ச்சி சொல்லப்பட்டது. 1940இல் வந்த ராபின், கழைக்கூத்தாடிகளான பெற்றோரை இழந்தவன். 1962இல் வந்த ஸ்பைடர்மேன், தன்னை வளர்த்த சிற்றப்பாவின் கொலையைத் தான் தடுத்திருக்கலாம் என்ற குற்றவுணர்வினால் நாயகனாகிறான்.

இக்கதைகளை எழுதியோர் சிலரது வாழ்விலும் இத்தகைய இழப்புகள் இருந்தன. சூப்பர்மேனை உருவாக்கிய இருவருள் ஒருவரான ஜெர்ரி சீகல் பதினேழு வயதினராக இருந்தபோது, 1932ஆம் ஆண்டு சூன் மாதம், கிளீவ்லாந்து நகரில் அவருடைய தந்தையின் துணிக்கடையில் திருட்டு நடந்தது. அதன்போது தந்தை மாரடைப்பால் இறந்தார். துப்பாக்கிக் குண்டு துளைக்காத நாயகன் பிறந்ததற்கும் இந்நிகழ்ச்சிக்கும் தொடர்பு உண்டு என ஆய்வாளர் சிலர் கருதுவர். சீகல் இதனை வெளிப்படையாகப் பேசியவரல்லர் என்பதால் இக்கருத்து ஊகமாகவே நிற்கிறது.

உட்பகை என்னும் கருப்பொருள்

தொடக்ககாலக் கதைகளில் இழப்பு ஒரு காரணமாக மட்டுமே இருந்தது. இரண்டு மூன்று கட்டங்களில் அது சொல்லி முடிக்கப்பட்டு, கதை சண்டைக்குச் சென்றுவிடும். நாயகரின் உள்ளத்தில் அது என்ன செய்தது என்ற கேள்வி பின்னரே எழுந்தது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு 1980ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனவழுத்த நோயைத் தனி நோயாக ஏற்றது. வரைகதைகளிலும் அக்காலத்தை ஒட்டியே மாற்றம் தெரிகிறது.

* 1979: அயர்ன்மேன் கதைத்தொடர் ஒன்றில் நாயகனின் பகைவன் மதுப்பழக்கமே என்று காட்டப்பட்டது.
* 1981: எக்ஸ்-மென் கதைகளின் வில்லனான மேக்னெட்டோ, சிறுவயதில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து தப்பியவன் எனக் கூறப்பட்டது. வில்லனின் வன்மத்துக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை வாசகர் அறிந்தனர்.
* 1984: குழந்தைகள் மீதான பாலியல் வன்முறையைப் பற்றிய விழிப்புணர்வு இதழ் ஒன்றில், தானும் சிறுவயதில் அத்தகைய துன்பத்துக்கு ஆளானதாக ஸ்பைடர்மேன் ஒரு சிறுவனிடம் கூறுகிறான். நாயகன் பேசியதால் சிறுவனும் பேசுகிறான்.
* 1985: எழுத்தாளர் பில் மாண்ட்லோ, ஹல்க்கின் சினத்துக்குக் கதிர்வீச்சு மட்டும் காரணமன்று, தந்தையின் கொடுமையும் காரணம் என்று எழுதினார். பச்சை அரக்கன், அடிபட்ட குழந்தை வெளிக்காட்ட முடியாது அடக்கிய சினம் என்று பொருள்படலானான்.
* 1986: பிராங்க் மில்லரின் பேட்மேன் கதையும் ஆலன் மூரின் வாட்ச்மென் தொடரும் முகமூடி அணிவதையே காயத்தின் அறிகுறியாகக் காட்டின.

தமிழ் வரைகதைகளில்

தமிழ் வாசகர் மீநாயகரை அறிந்தது பெரும்பாலும் சிவகாசியில் அச்சான இதழ்களின் மூலமே ஆகும். பேருந்து நிலையக் கடைகளிலும் பழைய புத்தகக் கடைகளிலும் வாங்கி, பலர் கைமாறிப் படிக்கப்பட்டவை இவை. 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக இரும்புக்கை மாயாவியை வெளியிட்டது. 1962இல் பிரித்தானிய இதழ் ஒன்றில் தோன்றிய இந்நாயகனின் இயற்பெயர் லூயிஸ் கிராண்டெல். ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்தப்பட்டவன். மின்சாரம் பாய்ந்தால் அக்கை தவிர உடல் முழுவதும் மறைந்துவிடும். முதற்கதையில் இவன் தன் ஆற்றலைக் குற்றங்களுக்கே பயன்படுத்துகிறான். பின்னரே திருந்தி உளவுத்துறையில் சேர்கிறான். தமிழ்ச் சிறுவர் மிகவும் விரும்பிய நாயகன், தன் கெடுமதியை முதலில் வென்றாக வேண்டியிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

லயன் காமிக்ஸ் 1984இல் மாடஸ்டி பிளைசியின் கதையோடு தொடங்கியது. மாடஸ்டி மீயாற்றல் உடையவளல்லள். போரில் அனைவரையும் இழந்து, தன் பெயரையும் அறியாமல், அகதி முகாம்களில் தனியே வளர்ந்த சிறுமியே வீராங்கனையாகிறாள். 1942ஆம் ஆண்டு பாரசீகத்தில் படைவீரராக இருந்தபோது தாம் கண்ட, எவர் துணையுமற்ற ஓர் அகதிச் சிறுமியின் நினைவே இப்பாத்திரத்துக்கு வித்து என்று இதனை எழுதிய பீட்டர் ஓ'டானெல் கூறியுள்ளார்.

லயன் இதழின் மற்றொரு புகழ்பெற்ற நாயகனான ஸ்பைடர், குற்றவாளியாக இருந்து குற்றவாளிகளின் எதிரியானவன். இக்கதைகளைத் தொடக்கத்தில் டெட் கோவன் எழுதினார். பின்னர் எழுதியவர் மேற்குறித்த ஜெர்ரி சீகல். வேதாளர், மாயாவி என இரு பெயர்களில் தமிழில் அறியப்பட்ட பேண்டம், தந்தையைக் கொன்ற கடற்கொள்ளையனின் மண்டையோட்டின் மீது சூளுரைத்த ஓர் இளைஞனின் வழித்தோன்றல். அம்மரபில் ஒவ்வொரு மகனும் தந்தை இறந்த பின்னரே முகமூடியை ஏற்கிறான்.

பெரியபுராணத்தில் ஒரு முன்மாதிரி

கி.பி. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தைச் சிதம்பரத்தில் அரங்கேற்றினார் என்பது மரபு. அந்நூல் கூறும் திருநாவுக்கரசர் வரலாற்றின் முற்பகுதி பெரும்பாலும் இன்றைய கடலூர் மாவட்டத்தில் நிகழ்கிறது. பண்ருட்டியை அடுத்த திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் சிறுவராயிருக்கும்போதே தந்தை புகழனார் நோயுற்று இறக்கிறார். தாய் மாதினியாரும் கணவனைத் தொடர்ந்து உயிர் துறக்கிறார். தமக்கை திலகவதியாருக்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் போரில் இறந்த செய்தி அடுத்து வருகிறது. உயிர்விடத் துணிந்த திலகவதியார், தம்பியின் பொருட்டு உயிர் தாங்குகிறார்.

வளர்ந்த மருள்நீக்கியார் உலகின் நிலையாமையை எண்ணித் தம் பொருளைக் கொண்டு தண்ணீர்ப்பந்தல், குளம் முதலிய அறங்களைச் செய்கிறார். பின் திருப்பாதிரிப்புலியூரில் இருந்த சமணப் பள்ளியில் சேர்ந்து தருமசேனர் எனப் பெயர் பெறுகிறார். தாங்கவொண்ணாத சூலை நோய் பற்றவே, திருவதிகையில் இருந்த தமக்கையிடம் திரும்புகிறார். பின்னர்ப் பல்லவ மன்னனால் நீற்றறை, நஞ்சு, யானை எனப் பல கொடுமைகளுக்கு ஆளாகி, இறுதியில் கல்லோடு பிணித்துக் கடலில் எறியப்படுகிறார். அவர் கரையேறிய இடம் இன்று கடலூர் நகரின் பகுதியாகிய திருப்பாதிரிப்புலியூரை அடுத்தது என்பர். கரையேறவிட்டகுப்பம் என்ற ஊர்ப்பெயர் அந்நம்பிக்கையைக் காட்டுகிறது.

இவ்வரலாறு சைவ நோக்கில் எழுதப்பட்டது. சமணரைப் பற்றிய அதன் கூற்றுகளை அந்நோக்கிலேயே கொள்ளவேண்டும். எனினும் கதையின் அமைப்பு தோற்றக் கதைகளை ஒத்துள்ளது: பெற்றோர் இழப்பு, நெடிய தேடல், உடலை வருத்தும் உள் துன்பம், எதனாலும் அழியாத ஆற்றல். வேறுபாடும் தெளிவானது. பேட்மேன் தன் இழப்பிலிருந்து பழிதீர்க்கும் உறுதியைப் பெறுகிறான். மருள்நீக்கியார் பெற்றது அறஞ்செய்யும் எண்ணம். அவர் முதிர்ந்த வயதில் ஏந்தியது கோயில் முற்றங்களில் புல் செதுக்கும் உழவாரக் கருவியாகும்.

முயலகன்

உட்பகையின் உருவம் ஒன்றும் சிதம்பரத்தில் உள்ளது. நடராசர் திருமேனியில் ஊன்றிய வலத்திருவடியின் கீழ்க் கிடப்பவன் முயலகன். தாருகாவனத்து முனிவர்கள் ஏவிய அரக்கன் என்று புராணம் கூறும். சைவ சித்தாந்தம் அவனை உயிரைப் பற்றியுள்ள அறியாமையின் குறியாகக் கொள்கிறது. முயலகன் கொல்லப்படுவதில்லை, அமுக்கப்படுகிறான். சித்தாந்தத்தின்படி ஆணவ மலம் வீடுபேற்றிலும் அழிந்தொழிவதில்லை. அதன் ஆற்றல் மட்டுமே அடங்குகிறது. திருவதிகை மனவாசகங்கடந்தார், சிதம்பரத்து உமாபதி சிவாசாரியார் ஆகிய இப்பகுதி அறிஞர்கள் இக்கொள்கையை விளக்கி நூல் செய்தவர்கள். ஹல்க்கை ஒழிக்க முயன்ற கதைகளைவிட, அவனோடு வாழக் கற்கும் கதைகள் ஆழமாக அமைந்தமை இதனோடு ஒப்பிடத்தக்கது.

வலிப்பு நோய்க்கும் முயலகன் என்ற பெயர் பழந்தமிழில் வழங்கியது. நோய்க்குப் பேயின் பெயரை இடும் வழக்கம் உருவகமாக இருக்கும்வரை தீங்கற்றது. அதனை உண்மையெனக் கொள்ளும்போது தீங்கு விளைகிறது. 2001ஆம் ஆண்டு ஆகத்து 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தனர்.

2004 ஆழிப்பேரலையும் சிறுவரும்

2004ஆம் ஆண்டு திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர் மாவட்டக் கரையைத் தாக்கியது. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு முதல் சிதம்பரத்தை அடுத்த கிள்ளைப் பகுதி வரையிலான மீனவக் குப்பங்களில் சுமார் 600 பேர் இறந்தனர். பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் இழந்த சிறுவர் பலர். நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரி மாவட்டங்களில் ஆதரவற்ற சிறுவருக்கென அரசு இல்லங்கள் தொடங்கப்பட்டன. பெங்களூர் தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனம் கரையோர மாவட்டங்களில் களப்பணியாளருக்கு உளநலப் பயிற்சி அளித்தது.

பேரிடருக்குப் பின் சிறுவரிடம் காணப்படும் அறிகுறிகளாவன: உறக்கமின்மை, கெட்ட கனவு, படுக்கையில் சிறுநீர் கழித்தல், சிறு ஒலிக்கும் திடுக்கிடுதல், நிகழ்ந்ததையே மீண்டும் மீண்டும் விளையாட்டாக நடித்தல். பெரும்பாலானோரிடம் இவை காலப்போக்கில் குறைகின்றன. சிலரிடம் நோயாக நீடிக்கின்றன. சொல்லால் கூற இயலாததைச் சிறுவர் படமாக வரையும்படி செய்வது உதவிமுறைகளுள் ஒன்று. அலை, படகு, வீடு, தான் என அடுத்தடுத்து வரையப்படும் படங்கள் ஒருவகையில் வரைகதையே ஆகும். ஆறு வயதில் இரோசிமா அணுகுண்டில் தந்தையையும் உடன்பிறந்தாரையும் இழந்த கெய்ஜி நகசாவா, 1973 முதல் அதனையே நெடிய வரைகதையாக எழுதினார்.

விமர்சனங்கள்

இக்கதைமரபின் மீது பின்வரும் குறைகள் கூறப்படுகின்றன.

* துன்பம் ஒருவரை உயர்த்தும் என்ற எண்ணத்தை இது ஊட்டுகிறது. நடைமுறையில் துன்பம் தானே ஆற்றல் தருவதில்லை.
* மனநோயாளரைக் கொடியவராகக் காட்டுகிறது. பேட்மேன் கதைகளில் 1974 முதல் வரும் ஆர்க்கம் மனநோய்க் காப்பகம் இதற்கு எடுத்துக்காட்டு.
* நாயகனுக்குக் காரணம் தேடித் தரவே தாய், மனைவி, காதலி ஆகியோர் கொல்லப்படுகின்றனர். எழுத்தாளர் கெயில் சிமோன் 1999இல் இதனைப் பட்டியலிட்டுக் காட்டினார்.
* நாயகர் எவரிடமும் உதவி நாடுவதில்லை.

கடைசிக் குறைக்குக் கதைகளுக்குள்ளேயே ஒரு மறுமொழி உண்டு. அவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த குழந்தைகளைப் பல பதிற்றாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த எம்மி வெர்னர், கடும் இடர்களுக்கிடையே வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதியினர் நல்வாழ்வு வாழ்ந்ததைக் கண்டார். அவர்களுக்கு வாய்த்திருந்த துணைகளுள் முதன்மையானது, கைவிடாத ஒரு பெரியவரின் அன்பு. ஸ்பைடர்மேனுக்கு மே சிற்றன்னை முதல் இதழிலிருந்தே உடனிருக்கிறார். பேட்மேனுக்கு ஆல்பிரட் என்னும் பணியாளர் 1943இல்தான் வந்து சேர்ந்தார். அதன்பின் அவரில்லாத பேட்மேன் கதையை எண்ணுவது அரிதாயிற்று. திருநாவுக்கரசருக்கு அவ்விடத்தில் திலகவதியார் இருந்தார். வாசகர் நினைவில் நிற்பவர் நாயகரே. அந்நாயகரைப் பிழைக்க வைத்தவர் பெரும்பாலும் ஆற்றல் ஏதுமற்ற, வீட்டில் காத்திருந்த ஒருவரே ஆவார்.

இவற்றையும் பார்க்கவும்

* வரைகதை
* இரும்புக்கை மாயாவி
* திருநாவுக்கரசு நாயனார்
* முயலகன்
* 2004 இந்தியப் பெருங்கடல் ஆழிப்பேரலை