பொய் சொன்ன பச்சை விளக்கு
பழைய ஃபோர் வீலின் முன் அச்சை மாற்றியமைக்கும் முன்...

ரவூப்பில் எங்கள் டூரியான் தோட்டத்துக்கு ஏறும் மண்பாதை மழை பெய்தால் சோப்புக் கட்டிதான். போன பருவத்தில் ஒரு மாலை, அப்பா தம் பழைய ஃபோர் வீலில் அம்மாவை ஏற்றிக்கொண்டு மேலே போனார். கியரை நான்கு சக்கரத்துக்கு மாற்றினார். டேஷ்போர்டில் முன் சக்கர விளக்குகள் பச்சையாய் எரிந்தன. பாதி மேட்டில் பின் டையர்கள் சேற்றில் சுழல, வண்டி மெல்லப் பின்னால் வழுக்கத் தொடங்கியது. பாதையோர வாழைப் புதரில் முட்டி நின்றதால் யாருக்கும் அடியில்லை. அதைத் தாண்டினால் ஓடை.

"நாலு சக்கரமும் ஓடுதுன்னுதானே விளக்கு சொல்லிச்சு?" என்று அப்பா அன்றிரவு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் பட்டறையில் வண்டியைத் தூக்கிப் பார்த்தபோது விடை கிடைத்தது. முன் அச்சு இணையவே இல்லை. எப்போதோ யாரோ, விடாமல் மினுங்கிய விளக்கை நிறுத்துவதற்காக, அச்சிலிருந்து வரும் ஒயரைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கோளாறு அப்படியே இருந்தது. விளக்கு மட்டும் பொய் சொல்லப் பழகியிருந்தது.

முன் அச்சு ஏன் பிரிகிறது?

தார்ச்சாலையில் பின் சக்கரங்கள் தள்ளினாலே போதும். அப்போது முன் அச்சின் பல்சக்கரங்களும் நீண்ட ஷாஃப்ட்டும் சும்மா சுற்றினால் எண்ணெய் வீண், தேய்மானம், இரைச்சல். பழைய வண்டிகளில் இதற்குச் சக்கரக் குடத்திலேயே ஒரு திருகு இருந்தது. சேற்றில் இறங்கி, இரண்டு பக்கமும் கையால் திருப்பிப் பூட்ட வேண்டும். அந்தச் சிரமத்தைப் போக்க வந்ததுதான் அச்சுக்குள்ளேயே இணைத்துப் பிரிக்கும் அமைப்பு.

1991-இல் வந்த இரண்டாம் தலைமுறை பஜேரோவை எடுத்துக்கொண்டால் இதை எளிதாக விளங்கிக்கொள்ளலாம். அதன் முன் அச்சில் ஒரு பக்கத்து ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருக்கும். நடுவில் பல் வைத்த ஒரு வளையம். அது நகர்ந்து இரண்டையும் சேர்த்தால் முன் சக்கரங்களுக்குச் சக்தி போகும். விலகினால், சக்கரங்கள் தம் பாட்டில் உருளும். எஞ்சின் பக்கத்திலிருந்து வரும் நீண்ட ஷாஃப்ட் அசையாமல் நிற்கும்.

அந்த வளையத்தை நகர்த்துவது வெறும் காற்று உறிஞ்சல், அதாவது வேக்கம். பெட்ரோல் வண்டியில் எஞ்சினே அதைத் தருகிறது. டீசலில் தனிப் பம்ப் இருக்கும். மின்சாரத்தில் திறந்து மூடும் இரண்டு வால்வுகள், சில ரப்பர் குழாய்கள், அச்சின் மேல் ஒரு சவ்வுப் பெட்டி. அவ்வளவுதான். இருபத்தைந்து, முப்பது ஆண்டு எஞ்சின் சூட்டில் வெந்த ரப்பர் வெடிக்கத்தான் செய்யும். விரல் நீளக் குழாயில் ஒரு கீறல் விழுந்தாலும் வளையம் நகராது. அதைச் சொல்லத்தான் விளக்கு மினுங்குகிறது.

முதலில் நோயைப் பாருங்கள்

"தம்பி, மாத்துறதுக்கு முன்னால எது செத்திருக்குன்னு பாக்கணும்" என்றார் பட்டறை அண்ணன். எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு குழாயின் முனையிலும் விரலை வைத்தார். உறிஞ்சல் எங்கே நிற்கிறதோ அங்கேதான் ஓட்டை. பிறகு கைப்பம்பால் சவ்வுப் பெட்டியைச் சோதித்தார். பல வண்டிகளில் குழாய்களை மாற்றினாலே வேலை முடிந்துவிடும். எந்த மாற்றமும் வேண்டாம். எங்கள் வண்டியில் குழாயும் வெடித்திருந்தது, சவ்வும் கிழிந்திருந்தது. அதனால்தான் மாற்றம் பற்றிய பேச்சே வந்தது.

மூன்று வழிகள்

முதல் வழி, நிரந்தரமாகப் பூட்டிவிடுவது. வளையத்தை இணைந்த நிலையிலேயே அசையாமல் நிறுத்துவார்கள். செலவு குறைவு. கியர் இரண்டு சக்கரத்தில் இருக்கும்போது முன் ஷாஃப்ட் சும்மா சுற்றுமே தவிர, வண்டி இழுத்துப் பிடிக்காது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அமெரிக்காவின் ஜீப் செரோக்கியும் 1984-இல் இப்படி வேக்கத்தில் இயங்கும் முன் அச்சோடுதான் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, ஒரே துண்டு ஷாஃப்ட்டுக்கு மாறினார்கள். ஆனால் கேபிள் டையால் கட்டிப் பூட்டுவது ஆபத்து. கட்டு தளர்ந்தால் வளையம் பாதியில் நின்று, பற்களை அரைத்துவிடும்.

இரண்டாவது வழி, கேபிள். சவ்வுப் பெட்டியைக் கழற்றிவிட்டு, ஓட்டுநர் கையால் இழுக்கும் கம்பிவடம் ஒன்றைப் பொருத்துவது. வேக்கம், வால்வு, குழாய் எதுவும் வேண்டாம். தேவையானபோது மட்டும் அச்சு இணையும். ஆனால் வண்டியை நிறுத்தாமல் இழுக்கக் கூடாது. ஓடும் சக்கரத்தையும் நிற்கும் ஷாஃப்ட்டையும் மோதவிட்டால் பற்கள் அலறும்.

மூன்றாவது வழி, அச்சை நிரந்தரமாகப் பூட்டிவிட்டு, சக்கரக் குடத்தில் கையால் திருப்பும் பழைய பூட்டைப் பொருத்துவது. உறுதியானது, ஆனால் பாகம் கிடைக்க வேண்டும், மழையில் இறங்கவும் வேண்டும்.

எந்த வழியானாலும் இரண்டு விஷயங்களை விட்டுவிடாதீர்கள். பழைய பாகம் இருந்த துளையை நன்றாக அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் உள்ளே போய், கியர் எண்ணெய் தே தாரிக் நிறத்துக்கு மாறும். அடுத்து, அச்சின் மேல் உள்ள விளக்கு சுவிட்சைத் தொடாதீர்கள். அதுதான் சாட்சி. மாற்றத்துக்கு அனுமதி வேண்டுமா என்று ஜேபிஜேயிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவதும் நல்லது.

யாருக்காக இந்த மாற்றம்?

"ஒரேயடியாப் பூட்டிருங்கண்ணே, தொல்லை விட்டுச்சு" என்பது என் கட்சி. அப்பாவோ வாரத்தில் ஆறு நாள் தார்ச்சாலையில் ஓட்டுகிறவர். முன் அச்சு வீணாய்ச் சுற்றுவதில் அவருக்கு விருப்பமில்லை. கடைசியில் கேபிள் என்று முடிவானது. சேர்த்துக் கட்டிய ஒயரைப் பிரித்து, விளக்கைப் பழையபடி சுவிட்சோடு இணைக்கச் சொன்னதும் அப்பாதான். "மினுங்கட்டும். எனக்கு உண்மை தெரியணும்."

வேலை முடிந்ததும் பட்டறை அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். "இந்த வண்டிய வேற யாரு ஓட்டுவாங்க?" அம்மா ஓட்டுவார், நான் ஓட்டுவேன், பழக்காலத்தில் மச்சானும் ஓட்டுவார். மாற்றம் செய்தவருக்கு மட்டும் தெரிந்த வண்டி மற்றவர்களுக்குப் பொறி. யாரோ ஒருவர் ஒயரைக் கட்டிவிட்டுச் சொல்லாமல் போனதன் விலையைத்தான் நாங்கள் அந்த மேட்டில் கொடுக்க இருந்தோம்.

பட்டறை வாசலிலேயே அம்மாவுக்குப் பாடம் நடந்தது. வண்டியை நிறுத்து. கேபிளை இழு. கியரை மாற்று. மெல்ல ஓரடி உருட்டு, பற்கள் பொருந்தட்டும். விளக்கு நிலையாய் எரிந்தால் மட்டும் ஏறு. மினுங்கினால் ஏறாதே. அம்மா அதை ஒரு தாளில் எழுதி, சன்வைசருக்குப் பின்னால் ஒட்டிவிட்டார்.

அடுத்த மழைக்கு அந்த மேட்டில் வண்டியை ஓட்டியது அம்மாதான். அடிவாரத்தில் நிறுத்தி, கேபிளை இழுத்தார். விளக்கு இரண்டு தடவை மினுங்கி நிலைத்தது. அதற்குப் பிறகும் இறங்கி, ஒரு முறை முன் சக்கரத்தைப் பார்த்துவிட்டு வந்தபிறகுதான் ஏறினார்.