கறவைப் பாத்திரமும் சங்கத்தின் கண்காணிப்பும்

திருவண்ணாமலையில் பாலுக்குள்ள கிராக்கி மற்ற ஊர்களைப் போன்றதன்று. அண்ணாமலையார் ஆலயத்து அபிஷேகம் ஒருபுறம். பௌர்ணமிதோறும் கிரிவலம் வரும் ஜனத்திரளுக்காகக் காபிக் கடைகள் வாங்கும் பால் மற்றொருபுறம். கார்த்திகை தீப உற்சவ நாட்களைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. அத்தகைய நாளில் ஒரு கிராமச் சங்கத்தின் பால் நகரத்தை அடையுமுன் திரிந்துபோனால், நஷ்டம் ஒருவரோடு நிற்பதில்லை. பலர் ஊற்றிய பால் ஒரே கேனில் கலந்திருப்பதால், யாருடைய பாலினால் கெட்டதென்று பிறகு பிரித்தறிய வழியில்லை. ஒரே பசுவை வைத்துக்கொண்டு யோக்கியமாகப் பால் ஊற்றும் ஏழை அங்கத்தினரும் அன்றைய கிரயத்தை இழக்க நேரிடுகிறது.

1904-ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களுக்கே இடங்கொடுத்தது. 1912-ஆம் வருஷத்துச் சட்டத்தின் பின்னரே மற்ற வகைச் சங்கங்களுக்கும் வழி உண்டாயிற்று. 1913-இல் அலகாபாத்தில் கட்ரா பால் சங்கமும், 1927-இல் சென்னை அயனாவரத்தில் பால் சங்கமும் தோன்றின. பாலைப்பற்றி ஜனங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்த புகார் ஜலக் கலப்பே ஆகையால், சங்கங்களில் பால்மானி காவற்காரனாக அமர்ந்தது. இன்று கொழுப்பையும் இதர சத்துக்களையும் கணக்கிடும் மின்சாரக் கருவிகளும் வந்துவிட்டன. எனினும் அழுக்குப் பாத்திரம் இக்கருவிகளின் கண்ணில் படுவதில்லை. சுத்தமான செம்பில் கறந்த பாலும், முந்தின நாளைய ஆடை விளிம்பில் ஒட்டிய செம்பில் கறந்த பாலும், ஊற்றும் சமயத்தில் பால்மானியில் ஒரே அளவையே காட்டும். ஒரே கிரயத்தையும் பெறும். கெடுதல் பின்னரே வெளிப்படும்.

அக்கெடுதல் எவ்வளவு விரைவானதென்பதைச் சிறு கணக்கால் அறியலாம். பாலைத் திரியச் செய்யும் கிருமிகள் நமது உஷ்ணத்தில் அரைமணிக்கு ஒருமுறை இரட்டிப்பதாக வைத்துக்கொண்டால், 4 மணி நேரத்தில் 1 கிருமி 256 ஆகும். மில்லிலிட்டருக்கு 1,000 கிருமிகளோடு புறப்பட்ட பால் 2,56,000-த்தை அடையும் அதே நேரத்தில், 1,00,000-த்தோடு புறப்பட்ட பால் இரண்டரைக் கோடியைத் தாண்டிவிடும். குளிர்சாதனத் தொட்டியில் 4 டிகிரி சென்டிகிரேடுக்குக் குளிரவைத்தால் இப்பெருக்கம் மட்டுப்படுமேயன்றி, முன்பே புகுந்த கிருமிகள் ஒழிவதில்லை.

பாத்திரத்தைச் சுத்தி செய்வது கடினமன்று. கிரமம் தவறுவதே குற்றம். பாலை ஊற்றியவுடன், அது காய்ந்து ஒட்டுமுன், பாத்திரத்தைக் குளிர்ந்த ஜலத்தால் அலசவேண்டும். எடுத்த எடுப்பில் கொதிநீரை ஊற்றினால் பாலின் புரதம் வெந்து உட்புறத்தில் படிந்துவிடும். பின்பு சலவைச் சோடா கரைத்த வெந்நீரால் பிரஷ்கொண்டு தேய்த்து, நல்ல ஜலத்தால் அலசி, கொதிநீர் பாய்ச்சி, வெயிலில் பரண்மேல் கவிழ்த்து உலரவிடவேண்டும். அலுமினியத்தைச் சோடா அரித்துவிடுமாகையால், அதற்கு மிருதுவான சோப்புத்தூளே உகந்தது. கொதிநீர்க்கு வசதியில்லாதவர்கள், 25 சதவிகிதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 8 கிராமை 10 லிட்டர் ஜலத்தில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்து, கழுவிய பாத்திரத்தில் 2 நிமிஷம் படும்படி வைத்து வடித்துவிடலாம். அழுக்கு நீங்காத பாத்திரத்தில் இதை ஊற்றுவது மருந்தை வீணாக்குவதாகும்.

சாம்பலால் தேய்க்கும் பழைய வழக்கத்தைப் பழிக்கவேண்டியதில்லை. எண்ணெய்ப்பசையை நீக்கும் காரம் அதிலும் உண்டு. குப்பைமேட்டுச் சாம்பலை அள்ளுவதும், குட்டை ஜலத்தால் அலசுவதுமே பழுது. எல்லாம் முறையாகச் செய்தபின், புடைவைத் தலைப்பாலோ தோள்துண்டாலோ உட்புறத்தைத் துடைத்து, செய்த வேலையனைத்தையும் ஒரு க்ஷணத்தில் கெடுத்துவிடுகிறவர்களும் உண்டு! கறவை இயந்திரம் வைத்திருப்போர் இன்னும் அதிக ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்; ரப்பர்க் குழாயின் வெடிப்பில் தங்கும் பால் வெளியே தெரிவதில்லை.

இனிக் கண்காணிப்பைப்பற்றி. பாத்திரம் கழுவுகையில் நின்று பார்ப்பதால் பிரயோஜனம் குறைவு. பிறர் பார்க்கும்போது எவரும் நன்றாகவே கழுவுவர். அடுத்த கறவைக்குச் சற்று முன்பு, முன்னறிவிப்பின்றிப் பார்ப்பதே தகும். மூடியைத் திறந்தவுடன் முகர்ந்தால் புளிப்பு வாடை தெரியும். வெள்ளைத் துணியால் கைப்பிடி பொருந்துமிடத்தையும், விளிம்பின் மடிப்பையும், மூடியின் உட்பள்ளத்தையும் தேய்த்துப் பார்க்கவேண்டும். அழுக்கு குடியிருப்பது இம்மூன்றிடங்களிலேதான். உட்புறத்தில் ஜலத்தை ஊற்றிக் கவிழ்த்தால், சுத்தமான இடத்தில் அது மெல்லிய ஏடாகப் படர்ந்து வடியும். கொழுப்பு ஒட்டிய இடத்தில் முத்துமுத்தாக நிற்கும்.

கண்ணுக்கும் மூக்குக்கும் தப்பியதை மெதிலீன் நீலப் பரீக்ஷை காட்டிக்கொடுக்கும். கொதிநீரில் சுத்தி செய்த கண்ணாடிக் குழாயில் 10 மில்லிலிட்டர் பாலும், உரிய அளவில் கரைத்த நீலச் சாயம் 1 மில்லிலிட்டரும் விட்டு, 37 டிகிரி உஷ்ணமுள்ள ஜலத்தில் வெளிச்சம் படாமல் வைத்து, அரைமணிக்கு ஒருமுறை பார்க்கவேண்டும். கிருமிகள் பாலிலுள்ள பிராணவாயுவை உட்கொள்ள உட்கொள்ள நீலம் வெளுக்கும். 5 மணி நேரமும் அதற்கு மேலும் நீலம் நின்றால் மிக நல்ல பால். 3 முதல் 4 மணி வரை நின்றால் நல்லது. 1 முதல் 2 மணி வரையாயின் சுமார். அரைமணிக்குள் வெளுத்தால் மோசம். இந்தியத் தரநிர்ணய விதிகளின் அளவுகள் இவை. பாலைக் குளிரவைக்குமுன்பே மாதிரி எடுத்துவிடவேண்டும். குளிர்ந்தபின் எடுத்தால் முடிவு ஏமாற்றக்கூடும்.

கலந்த பாலில் இப்பரீக்ஷை செய்வதால் குற்றம் உண்டென்று தெரியுமேயன்றி, அது எவ்விடத்ததென்று தெரியாது. ஆகையால் அங்கத்தினர் ஒவ்வொருவருடைய பாலுக்கும் தனிக்குழாய் வைக்கவேண்டும். ஒருவருடைய குழாய் விரைவில் வெளுத்தால், உடனே அவர் பாத்திரத்தைப் பழிப்பதும் நியாயமன்று. மறுநாள் சங்கமே கொதிநீரில் சுத்தி செய்த பாத்திரம் ஒன்றை அவரிடம் கொடுத்து, அதிலேயே கறக்கச் சொல்லவேண்டும். அன்று நீலம் நின்றுவிட்டால் குற்றம் பாத்திரத்தினுடையது. அன்றும் வெளுத்தால், கறக்கும் கையையோ, கழுவாத மடியையோ, மடிவீக்க நோயையோ கவனிக்கவேண்டும். மடிவீக்கம் கண்ட மாட்டின் பாலிலுள்ள உயிரணுக்களாலும் நீலம் வெளுப்பதுண்டு. இம்மாற்றுப் பாத்திர முறைக்குச் செலவு சொற்பம். வீண் சண்டையையும் அது தவிர்க்கும்.

பரீக்ஷை முடிவுகளைத் தேதிவாரியாகப் பதிவுப் புஸ்தகத்தில் எழுதிவரவேண்டும். முதல் தடவையே அபராதம் விதிப்பதில் நன்மையில்லை. அபராதத்துக்கு அஞ்சுகிறவர் பார்வையிடும் நாளுக்கென்று ஒரு பாத்திரமும், கறக்க வேறொரு பாத்திரமும் வைத்துக்கொள்வார். முதல் முடிவைத் தனியாக அழைத்துச் சொல்லித் திருந்த அவகாசம் கொடுத்து, இரண்டாந் தடவையும் அவ்வாறே கண்டால் கமிட்டி முன் வைக்கலாம். தலைவர், காரியதரிசி வீட்டுப் பாத்திரங்களை முதலில் பரீக்ஷித்து அந்த முடிவை எல்லோருமறியப் படித்துவிட்டால், மற்றவர்கள் முணுமுணுக்க இடமிராது.

கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையால் கொட்டகை சேறாவதோடு, கவிழ்த்துவைத்த பாத்திரத்தை உலர்த்த வெயிலையும் நம்பமுடிவதில்லை. அப்பொழுது கொதிநீரோ பிளீச்சிங் நீரோ கட்டாயமாகிவிடுகிறது. 60 அங்கத்தினருள்ள சங்கம் நாளொன்றுக்கு 15 குழாய்கள் வைத்தால் 4 நாளில் எல்லோருடைய பாலும் ஒரு சுற்று முடியும். தீபத்துக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கினால், பழுது கண்டவர்களுக்கு மாற்றுப் பாத்திரம் கொடுத்து மறுபடி பரீக்ஷிக்கவும் நாள் மிஞ்சும்.