நூன் வரி எங்கே போனது?

பைபிளில் 145-ஆம் சங்கீதத்தை யாரும் துப்பறியும் கதையாக நினைத்துப் படிப்பதில்லை. கடவுளைப் போற்றும் பாட்டு. அமைதியாக ஆரம்பித்து அமைதியாக முடிந்துவிடும். யூதர்கள் இதைக் காலை வழிபாட்டில் இரண்டு முறை, பிற்பகலில் ஒரு முறை என்று தினமும் சொல்லி வருகிறார்கள். ஆனால் இந்தப் பாட்டை இன்றைய வாசகருக்கு விளக்கி எழுதுபவர்களின் மேஜையை ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தால் போதும், அன்றைக்குத் தூக்கம் போய்விடும்! என்னென்ன ரகசியங்கள் அந்தக் காகிதங்களுக்கு நடுவே கிடக்கின்றன, தெரியுமா?

முதல் ரகசியம், இது அகரவரிசைப் பாட்டு. எபிரேயத்தில் 22 எழுத்துகள். முதல் வரி ஆலெப்பில் தொடங்கும், அடுத்தது பேத், அதற்கடுத்தது கிமெல். இப்படியே லாமெத், மேம் வரைக்கும் ஒழுங்காக வரும். அடுத்து 14-ஆவது எழுத்தான நூன் வரவேண்டும். வராது! நேரே சாமேக்கில் போய் நிற்கும். கையெழுத்துப் பிரதிகளில் மிகப் பெயர்பெற்றவற்றுள் ஒன்று கி.பி. 1008-ஐ ஒட்டி எழுதி முடிக்கப்பட்ட லெனின்கிராட் சுவடி. அதிலும் 21 வரிதான்.

ஒரு வரி எங்கே? இந்தக் கேள்வி நம் காலத்தில் கிளம்பியது இல்லை. மூன்றாம் நூற்றாண்டில் கலிலேயாவில் வாழ்ந்த ரபி யோகனான் இதைக் கேட்டதாக யூத மரபு நூலான தல்மூத் சொல்கிறது. அவர் சொன்ன பதிலும் அங்கேயே இருக்கிறது. தீர்க்கதரிசி ஆமோஸின் நூலில் நூன் எழுத்தில் தொடங்கும் ஒரு வசனம் இஸ்ரவேலின் வீழ்ச்சியைச் சொல்கிறது. அந்த எழுத்தைத் தொட்டாலே அந்தத் துயரம் நினைவுக்கு வந்துவிடும் என்றுதான் பாட்டை எழுதியவராகச் சொல்லப்படும் தாவீது அதை விட்டுவிட்டார் என்பது அவர் விளக்கம். பின்னால் வந்த இன்னொரு ரபி இதோடு நிறுத்தவில்லை. அடுத்த வரியைப் பாருங்கள் என்றார். அது சாமேக் வரி, விழுந்தவர்களைக் கடவுள் தாங்கிக்கொள்கிறார் என்று சொல்லும் வரி. வீழ்ச்சியின் எழுத்தை வாய்விட்டுச் சொல்லாமல், தாங்கும் கையை மட்டும் காட்டுகிறது பாட்டு! ஒரு வெற்றிடத்தை இவ்வளவு அன்போடு படித்த உரைகாரர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இனிமேல்தான் கதை சூடுபிடிக்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில், அந்த இடத்தில், ஒரு வரி இருக்கிறது. சிரியாக் மொழிபெயர்ப்பிலும் இருக்கிறது. கடவுள் தம் வார்த்தைகளில் உண்மையுள்ளவர் என்ற பொருள். அதை எபிரேயத்துக்குத் திருப்பிப் பார்த்தால் நூனில் தொடங்கும். சரி, எபிரேயத்திலேயே அப்படி ஒரு பழைய பிரதி உண்டா?

1956-இல் சாக்கடல் ஓரம் கும்ரானில் 11-ஆவது குகை கண்டுபிடிக்கப்பட்டது. அதில் ஒரு தோல்சுருள். 1961-இல் ஜெருசலேமில் ஜேம்ஸ் சாண்டர்ஸ் என்ற அறிஞர் அதைப் பிரித்தார். கீழ்ப்பகுதி அரித்துப் போயிருந்தது. ஆனால் பிரிக்கப் பிரிக்க சங்கீதம் மேல் சங்கீதமாக வந்தது, ஏறத்தாழ நான்கு மீட்டர் நீளத்துக்கு. அதில் 145-ஆவதும் உண்டு. மேம் வரி முடிகிறது. அடுத்து, கண் முன்னே, நூன்! ரபி யோகனான் தம் விளக்கத்தைச் சொன்னதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டு, அவர் வாழ்ந்த காலம் முழுக்கக் குகை இருட்டில் கிடந்த வரி அது.

இந்தச் சுருளின் படங்களை நீங்களும் பார்க்கலாம். லியோன் லெவி டிஜிட்டல் நூலகம் 2012-இல் சாக்கடல் சுருள்களை இணையத்தில் திறந்து வைத்தது. அதன் படப்பிடிப்பு அறையில் ஒவ்வொரு துண்டையும் 12 அலைநீள ஒளிகளில் எடுக்கிறார்கள். காலத்தால் கறுத்த தோல் அகச்சிவப்பு ஒளியில் வெளிறித் தெரியும். கரி மையோ கறுப்பாகவே நிற்கும். கைபேசியில் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். சதுரமான அழகிய எழுத்துகளுக்கு நடுவே திடீரென்று கிறுக்கல் போல நான்கு எழுத்துகள் முளைக்கும். அது கடவுளின் பெயர். சுருளை எழுதியவர் அந்தப் பெயர் வரும்போது மட்டும், அன்றைக்கே பழங்காலத்தது ஆகிவிட்ட வேறொரு எழுத்துமுறைக்கு மாறிக்கொள்கிறார்! அவர் கை அந்த இடத்தில் எவ்வளவு பயபக்தியோடு மெதுவாகியிருக்கும்!

இன்னொரு விருந்தும் அதில் இருக்கிறது. நம் பைபிளில் இல்லாத ஒரு பல்லவி, கடவுளையும் அவர் பெயரையும் வாழ்த்துவது, ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது. தலைப்பிலும் இதைப் புகழ்ச்சி என்று சொல்லாமல் மன்றாட்டு என்றே குறித்திருக்கிறார்கள். ஒருவர் வரியைச் சொல்ல, கூட்டம் பல்லவியைத் திருப்பிச் சொல்லியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. படிக்கும்போதே சத்தம் கேட்கிறது.

அப்படியானால் தொலைந்த வரி கிடைத்துவிட்டது, வழக்கு முடிந்தது என்று சொல்லிவிடலாமா? அவசரப்பட வேண்டாம்! அந்த வரியின் பின்பாதி அப்படியே 17-ஆம் வசனத்தின் பின்பாதி. அது மட்டும் இல்லை. இந்தப் பாட்டு கடவுளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் மற்ற இடங்களில் அந்த நான்கெழுத்துப் பெயர் வரும். சந்தேகத்துக்கு உள்ளான இந்த வரியில், சுருளில், பொதுவான ‘தேவன்’ என்ற சொல்தான் இருக்கிறது. ஓட்டை கண்ணை உறுத்தியதால் யாரோ ஒரு பிரதியாளர் 17-ஆம் வசனத்திலிருந்து கடன் வாங்கி அடைத்திருக்கலாம் என்று ஒரு கட்சி. நகல் எடுக்கும்போது கண் தவறி ஒரு வரி விடுபடுவது சகஜம், கிரேக்கமும் சிரியாக்கும் சுருளும் சேர்ந்து சாட்சி சொல்கின்றன என்று மறு கட்சி. 25, 34-ஆம் சங்கீதங்களிலும் எழுத்து குறைவதால் வாதம் இன்னும் சுவையாகிறது.

மொழிபெயர்ப்பாளருக்கு இங்கே ஒதுங்கி நிற்க இடமில்லை. வரியை அச்சிட வேண்டும், அல்லது விட வேண்டும். நம் வீடுகளில் இருக்கும் பழைய தமிழ் வேதாகமத்தில் அது இல்லை. கிங் ஜேம்ஸிலும் இல்லை. நியூ இன்டர்நேஷனல் வெர்ஷனில் இருக்கிறது. யூதர்களின் வழிபாட்டு நூல் இன்றும் 21 வரியையே சொல்கிறது. அடிக்குறிப்போடு அச்சிடுவதுதான் நியாயம் என்பது என் கட்சி. வாசகர் அந்த இடத்தில் ஒரு நொடி தடுக்கி நிற்கட்டுமே!

நூன் வரியைப் பற்றியே பேசிக்கொண்டு அதற்கு முந்தைய மூன்று வரிகளை விட்டுவிடக் கூடாது. அவை காப், லாமெத், மேம் என்று தொடங்குகின்றன. மூன்றும் கடவுளின் ஆட்சியைப் பற்றியவை, அரசாட்சி என்ற சொல் மட்டும் அங்கே நான்கு முறை. அந்த மூன்று முதலெழுத்துகளைக் கீழிருந்து மேலாகப் படித்தால் ‘மெலெக்’, அதாவது அரசன்! பாட்டின் நடுவில் கவிஞர் ஓர் அரியணையையே ஒளித்து வைத்திருக்கிறார்.

சரி, இந்த எழுத்து விளையாட்டைத் தமிழில் கொண்டுவர முடியுமா? இதைத்தான் என்னால் சும்மா வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. எந்தெந்த எழுத்துகள் சொல்லின் முதலில் வரும் என்று பவணந்தி முனிவர் நன்னூலில் கணக்குச் சொல்கிறார். பன்னிரண்டு உயிர்கள், அதோடு க, ங, ச, ஞ, த, ந, ப, ம, ய, வ என்ற பத்து மெய்களின் வரிசை. கூட்டிப் பாருங்கள், 22! எபிரேயத்துக்கு எத்தனை எழுத்தோ, தமிழுக்கும் அத்தனை. அகரத்தில் ஆரம்பித்து வகரத்தில் முடியும் ஒரு தமிழ்ச் சங்கீதத்தை அளவு பிசகாமல் கட்டலாம். இப்போது விரல்விட்டு எண்ணுங்கள். உயிர் பன்னிரண்டு முடிந்ததும் 13-ஆவது க. எபிரேயத்தில் வரி காணாமல் போன அந்த 14-ஆவது இடத்தில் தமிழில் வந்து உட்கார்வது ங!