ஏழு மணிக்கு நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?

ஆக்லாந்தில் பதினோரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கென்றே தனிப் பள்ளிகள் உண்டு. இன்டர்மீடியட் என்பார்கள். இரண்டே ஆண்டுப் படிப்பு. வயதைக் கணக்கிட்டால் நம் ஊர் ஆறாம், ஏழாம் வகுப்பு. குடும்பத்தோடு குடிபெயரும் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் ஏறக்குறைய இந்த வயதில்தான் அங்கே போய்ச் சேர்கிறார்கள். திருச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ ஆங்கிலப் பாடத்தில் தொண்ணூறு மதிப்பெண் வாங்கிய பிள்ளையாக இருக்கும். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றும், நேர்க்கூற்றை அயற்கூற்றாக்கும். ஆனால் காலை இடைவேளையில் நாலு கட்டம் போட்டுப் பந்து தட்டும் கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு, ‘இப்போது யார் முறை?’, ‘நானும் ஒரு ஆட்டம் வரட்டுமா?’ என்று கேட்க மட்டும் வாய் வராது.

காதும் கொஞ்ச நாள் ஒத்துழைக்காது. நியூசிலாந்துக்காரர் ‘பென்’ என்றால் புதிதாக வந்தவர் காதில் ‘பின்’ என்று விழும். அது ஒரு பருவத்துக்குள் பழகிவிடும். வாய் திறக்கத்தான் நாளாகிறது. ஏனென்றால் பேச்சில் இலக்கணம் யோசித்து வருவதில்லை. பந்து திரும்பி வருவதற்குள் கேள்வி வந்துவிட வேண்டும். கேட்க வந்ததைத் தமிழில் நினைத்து, வினைச்சொல்லை முன்னே தள்ளி, ‘டு’ போடுவதா ‘டஸ்’ போடுவதா என்று பார்த்து முடிப்பதற்குள் ஆட்டம் கலைந்து மணி அடித்துவிடும்.

வெளிநாடு போகும்போது பெட்டியில் ‘ரென் அண்ட் மார்ட்டின்’ இலக்கண நூலை எடுத்துப்போகும் பெற்றோரை எனக்குத் தெரியும். அவர்கள் அக்கறையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளைக்கு விதி தெரியாமல் இல்லை. தெரிந்த விதி நேரத்துக்கு வாயில் வரவில்லை, அவ்வளவுதான். அதற்கு இன்னும் நூறு பயிற்சி எழுதுவது மருந்தாகாது.

இலக்கணப் பாடத்தால் மொழி வளருமா என்று நேராகவே சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று ஆக்லாந்தில்தான் நடந்தது. வார்விக் எலி என்ற கல்வி ஆய்வாளர் பார்ஹம், லாம்ப், வைலி ஆகிய மூவரோடு சேர்ந்து, அந்நகரின் ஓர் உயர்நிலைப் பள்ளியில் 248 மாணவர்களை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். ஒரு பிரிவுக்குப் பழைய முறை இலக்கணம். ஒரு பிரிவுக்கு அன்று புதிதாக வந்திருந்த, மொழியியலாளர் சாம்ஸ்கி வழி இலக்கணம். மூன்றாம் பிரிவுக்கு இலக்கணமே இல்லை, அந்த நேரத்தில் கூடுதலாக வாசிப்பும் எழுத்தும். 1976-ல் முடிவுகள் அச்சேறின. பிள்ளைகளின் எழுத்திலும் வாசிப்பிலும் இலக்கணப் பாடம் சொல்லத்தக்க வேறுபாடு எதையும் உண்டாக்கவில்லை.

இந்த முடிவை எடுத்த எடுப்பில் நம் பிள்ளைகளுக்குப் பொருத்திவிடக் கூடாது. அது ஆங்கிலம் பேசும் ஊரில், ஆங்கில வகுப்பில், எழுத்தையும் வாசிப்பையும் அளந்த ஆய்வு. வீட்டில் தமிழோ டோங்கா மொழியோ சீனமோ பேசிவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளையின் நிலைமை வேறு. 2018 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆக்லாந்துவாசிகளில் நூற்றுக்கு 41 பேருக்கு மேல் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அப்படிப்பட்ட நகரத்தில் இலக்கணத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, கேட்டுக் கேட்டே படித்துக்கொள் என்று பிள்ளையை விட்டுவிடுவதும் நியாயமில்லை. விதியைத் தனியாகச் சொல்லிக்கொடுத்தால் பேச்சுக்கு வரவில்லை; சொல்லாமல் விட்டாலோ பல பிள்ளைகள் தப்பும் தவறுமாகவே பேசிப் பழகிவிடுகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி வேண்டும். அந்த வழியைத் தேடிய முக்கியமான முயற்சி ஒன்று நம் ஊர்ப் பள்ளிகளில் நடந்தது.

என். எஸ். பிரபு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் ஆங்கிலக் கல்வி அலுவலராக இருந்தவர். ‘பெங்களூர்த் திட்டம்’ என்று உலகம் முழுக்க மொழியாசிரியர்கள் படிக்கும் முயற்சி அவருடையது. பெயர்தான் பெங்களூர், வகுப்புகள் சென்னையிலும் கடலூரிலும்கூட நடந்தன. 1979 முதல் 1984 வரை. வசதியான ஆங்கிலப் பள்ளிகளில் அல்ல, சாதாரணப் பிள்ளைகள் படிக்கும், கூட்டம் நிறைந்த வகுப்புகளில். பிரபுவின் எண்ணம் இதுதான்: கவனம் பொருளில் இருக்கும்போதுதான் இலக்கணம் உள்ளே இறங்குகிறது. எனவே வகுப்பில் விதி சொல்ல வேண்டாம், தீர்க்க வேண்டிய ஒரு சிக்கலைக் கொடு. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, எந்த வண்டியில் போனால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம் என்று கேள். வரைபடத்தைக் கொடுத்து வழி கேள். முதலில் ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து வாய்மொழியாக ஒன்றைத் தீர்ப்பார். பிறகு அதே போன்ற இன்னொன்றைப் பிள்ளைகள் தாங்களே தீர்க்க வேண்டும்.

இப்படிப்பட்ட செயல்களை அவர் மூன்றாகப் பிரித்தார். என்னிடம் இருக்கும் தகவல் உன்னிடம் இல்லை என்பது ஒன்று. இருக்கும் தகவலிலிருந்து புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது இன்னொன்று. உன் கருத்தைச் சொல் என்பது மூன்றாவது. இன்று ஆங்கில வகுப்புகளில் நடக்கும் நல்ல விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றை இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் அடக்கிவிடலாம்.

திட்டம் முடிந்ததும் பெரெட்டா, டேவிஸ் என்ற ஆய்வாளர்கள் தேர்வு வைத்துப் பார்த்து 1985-ல் எழுதினார்கள். வெறும் வாக்கிய அமைப்பைச் சோதித்த தேர்வில் வழக்கமான முறையில் படித்தவர்கள் முந்தினார்கள். சூழலுக்குள் வைத்து இலக்கணத்தைச் சோதித்த தேர்வில், சொல்வதெழுதுதலிலும் சேர்த்து, பிரபுவின் பிள்ளைகள் முந்தினார்கள். விதி சொல்லிக் கொடுக்கப்படாத பிள்ளைகள்! நம் ஊர்ப் பொதுத் தேர்வு எந்த வகைத் தேர்வைப் போன்றது என்பது தெரிந்ததுதான். இந்த முறை இங்கே ஏன் வேர் விடவில்லை என்பதற்கு நான் காணும் முதல் காரணம் அது.

பிரபு பிறகு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராட் எல்லிஸ் என்ற பேராசிரியர் இந்தச் செயல்வழி மொழிக் கல்வியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 2003-ல் அதைப் பற்றிய பெரிய நூல் ஒன்றை எழுதினார். பிரபுவின் திட்டத்துக்கு அதில் முக்கிய இடம் உண்டு.

ஒரு விளையாட்டை அருகிலிருந்து பார்ப்போம். ஆங்கில ஆசிரியர்கள் ‘அலிபை’ என்று சொல்லும் பழைய விளையாட்டு. நேற்று மாலை ஆறிலிருந்து எட்டுக்குள் பள்ளி அலுவலகத்தில் ஒரு திருட்டு நடந்துவிட்டதாக ஆசிரியர் அறிவிப்பார். சந்தேகம் இரண்டு பேர் மேல். அந்த இரண்டு மணி நேரமும் நாங்கள் சேர்ந்தேதான் இருந்தோம் என்று அவர்கள் சாதிக்க வேண்டும். வெளியே போய் ஐந்து நிமிடம் கதை ஜோடிப்பார்கள். சில்வியா பார்க் கடைவளாகத்துக்குப் போனோம், படம் பார்த்தோம், பஸ்ஸில் திரும்பினோம். அதற்குள் வகுப்பு குழுக்களாகப் பிரிந்து கேள்விகளைத் தயார் செய்யும். பிறகு ஒருவர் மட்டும் உள்ளே வருவார். விசாரணை தொடங்கும்.

ஏழு மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தாய்? உன் நண்பன் என்ன சட்டை போட்டிருந்தான்? பஸ்ஸில் ஜன்னல் பக்கம் யார் உட்கார்ந்திருந்தது? மழை பெய்துகொண்டிருந்ததா? முதல் ஆள் வெளியே போனதும் இரண்டாம் ஆள் வருவார், அதே கேள்விகள். பதில்கள் முரண்பட்டால் இருவரும் குற்றவாளிகள்.

இதில் இலக்கணம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இறந்தகாலத் தொடர்வினை இல்லாமல் இந்த ஆட்டம் நகராது. ‘வாட் டிட் யூ டூ’ என்று கேட்டால் ‘படம் பார்த்தேன்’ என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்துவிடலாம். ‘வாட் வேர் யூ டூயிங் அட் செவன்’ என்று கேட்டால்தான் ஆள் மாட்டுவான். வடிவத்தைச் சரியாகப் பிடித்த கேள்விதான் திருடனைப் பிடிக்கிறது. தமிழ்ப் பிள்ளைக்கு இந்தக் காலம் புதிதல்ல. ‘செய்துகொண்டிருந்தாய்’ என்று வீட்டில் தினமும் பேசுகிறது. இடறும் இடம் வேறு. தமிழில் கேள்வி கேட்கச் சொற்களின் வரிசையை மாற்ற வேண்டியதில்லை. ஓர் ‘ஆ’வோ ஒரு வினாச்சொல்லோ போதும். அதனால் பிள்ளை ‘வாட் யூ வேர் டூயிங்’ என்று கேட்கும். ஒரே ஆட்டத்தில் இந்த ‘வேர் யூ’வைப் பத்து, பதினைந்து முறை சொல்லவும் கேட்கவும் வாய்ப்புக் கிடைக்கிறது. அத்தனை முறையும் காரணத்தோடு. பயிற்சி நோட்டில் பதினைந்து முறை எழுதினால் கை வலிக்கும். இங்கே பதினாறாவது கேள்விக்கு அடித்துக்கொள்வார்கள்.

ஒரு விளையாட்டு நல்லதா என்று பார்க்க நான் வைக்கும் உரைகல் இதுதான்: அந்த இலக்கண வடிவம் இல்லாமலே ஜெயிக்க முடியுமா? முடியும் என்றால் அது பொழுதுபோக்கு. தூக்குமர விளையாட்டு பிள்ளைகளுக்குப் பிடிக்கும், எழுத்துக்கூட்டலுக்கு உதவலாம், பேச்சு இலக்கணத்துக்கு அதில் ஒன்றும் இல்லை. இருபது கேள்வி விளையாட்டில் ஆம், இல்லை என்று பதில் வரும்படி மட்டுமே கேட்க முடியும் என்பதால் ‘இஸ் இட்’, ‘டஸ் இட்’, ‘கேன் இட்’ என்று தொடங்காமல் வழியே இல்லை. ஒருவர் படத்தைப் பார்த்துச் சொல்ல, முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவர் வரையும் விளையாட்டில் இடத்தைக் குறிக்கும் முன்னிடைச் சொற்கள் பிசகினால் பூனை மேசைக்கு மேலே ஏறிவிடும். தவறை ஆசிரியர் சொல்ல வேண்டாம், படமே காட்டிக்கொடுத்துவிடும். மாரியோ ரின்வொலுக்ரி 1984-ல் வெளியிட்ட ‘கிராமர் கேம்ஸ்’ நூலில் வாக்கிய ஏலம் இருக்கிறது. சரியும் தவறுமான வாக்கியங்கள் ஏலத்துக்கு வரும். கையிருப்புப் பணத்துக்குள் சரியானவற்றை மட்டும் வாங்க வேண்டும். தவறான வாக்கியத்துக்கு ஒரு குழு ஆயிரம் வரை ஏற்றிவிட்டது என்றால், அந்த விதியைப் பிறகு விளக்கும்போது அவர்கள் கேட்கும் கவனமே தனி. ஏலத்தில் பேச்சு குறைவு என்பது அதன் குறை. ஆனாலும் குழுவுக்குள் ‘இது சரியா, தப்பா’ என்று நடக்கும் வாக்குவாதம் பயனுள்ளது. அந்த வாக்குவாதம் தமிழில் நடந்தாலும் எனக்குச் சம்மதமே. தாய்மொழியில் யோசிக்க விடாமல் தடுத்தால் புதிதாக வந்த பிள்ளை யோசனையையே விட்டுவிடும்.

சரி, ஆட்டத்தின் நடுவே பிள்ளை தப்பாகப் பேசினால் ஆசிரியர் என்ன செய்வது? பிரபு, போகிற போக்கில் திருத்தினால் போதும் என்றார். ஆக்லாந்துக்காரர்கள் இதை நுணுக்கமாக ஆராய்ந்தார்கள். எல்லிஸ், பாஸ்டர்க்மென், லோவன் மூவரும் ஆக்லாந்தின் ஒரு தனியார் மொழிப் பள்ளியில் 12 மணி நேர உரையாடல் வகுப்புகளைப் பதிவு செய்து, மொழி வடிவத்தின் பக்கம் பேச்சு திரும்பிய இடங்களை எண்ணினார்கள். 448. அதாவது ஒன்றரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்துக்கு ஒரு முறை. பொருளுக்காகப் பேசும் வகுப்பிலும் இலக்கணம் ஓயாமல் தலை காட்டுகிறது. அதனால் உரையாடல் அறுந்து போவதுமில்லை.

2006-ல் எல்லிஸும் லோவனும் எர்லமும் இன்னொன்றைச் சோதித்தார்கள். படத்தொடரைப் பார்த்துக் கதை சொல்லும் செயல். கற்பவர் இறந்தகால ‘எட்’டை விட்டுவிட்டால், ஒரு பிரிவில் ஆசிரியர் சரியான வடிவத்தைச் சும்மா திருப்பிச் சொல்வார். இன்னொரு பிரிவில், ‘இறந்தகாலம் வேண்டும்’ என்று ஒரே வரியில் குறிப்புக் கொடுப்பார். பன்னிரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது குறிப்புப் பெற்றவர்களே முன்னே நின்றார்கள். அவர்கள் வயதில் பெரியவர்கள், மொத்தம் 34 பேர்தான், பயிற்சியும் ஒரு மணி நேரமே. ஆனாலும் வகுப்பறையில் நின்றவர்களுக்கு இது பொருந்திவரும். ஆட்ட வேகத்தில் ஆசிரியர் நயமாகத் திருப்பிச் சொன்னால் பிள்ளை அதை ஆமோதிப்பு என்று எடுத்துக்கொண்டு போய்விடும். ‘வேர் முன்னாடி வரட்டும்’ என்று ஒரு வரி சொன்னால் நின்று திருத்திக்கொள்ளும், ஆட்டமும் கெடாது.

ஆகவே விளையாட்டு முறைக்கு இலக்கணம் தெரியாத ஆசிரியர் போதும் என்ற நினைப்பு தவறு. எந்தக் கணத்தில் எந்த ஒரு வரியைச் சொல்வது, எதை ஆட்டம் முடிந்த பின் கரும்பலகைக்கு ஒத்திவைப்பது என்று தீர்மானிக்க, விதிகள் ஆசிரியரின் விரல் நுனியில் இருக்க வேண்டும். ஆட்டம் முடிந்த பிறகு பத்து நிமிடம் தனியே ஒதுக்க வேண்டும். காதில் விழுந்த ஐந்தாறு வாக்கியங்களை, யார் சொன்னது என்று சொல்லாமல், பலகையில் எழுதி வகுப்பையே திருத்தச் சொல்வது. இந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிட்டால் சத்தம்தான் மிஞ்சும். அடுத்த அறை ஆசிரியரின் புகாருக்கும் பதில் இருக்காது.

போட்டியிலும் கவனம் வேண்டும். வேகமாகப் பேசும் பிள்ளை எல்லா மதிப்பெண்ணையும் அள்ளிக்கொண்டு போனால், புதிதாக வந்த பிள்ளை இன்னும் ஆழமாக மௌனத்துக்குள் போய்விடும். அலிபையின் அழகு, விசாரிக்கும் கேள்விகளைக் குழுவாக உட்கார்ந்து முதலிலேயே தயாரிக்க முடிவது. பேசத் தயங்கும் பிள்ளை எழுதி வைத்த ஒரு கேள்வியோடு எழுந்து நிற்கலாம். முதல் வாரத்தில் அது போதும்.

நம் ஊரில் நாற்பது, ஐம்பது பேர் வகுப்பில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பார்கள். பிரபு நடத்திக் காட்டிய வகுப்புகளும் நெரிசலானவைதான். அலிபைக்கு அட்டை வேண்டாம், கணினி வேண்டாம், நகல் எடுக்கக் காசு வேண்டாம். சில்வியா பார்க்குக்குப் பதிலாகத் தாம்பரம் பஸ் நிலையம். இரண்டு பேரை வெளியே அனுப்பிவிட்டு, மீதிப் பேரை ஐந்து ஐந்தாகத் திருப்பி உட்கார வைத்தால், எட்டு ஒன்பது விசாரணைக் குழு. குழுவுக்கு மூன்று கேள்வி. நாற்பது நிமிடப் பாடவேளையில் ஆட்டத்துக்கு இருபத்தைந்து, பலகைக்குப் பத்து, உட்கார்ந்து அடங்க ஐந்து. ஆறாம் வகுப்பில் வாரம் ஒரு பாடவேளையை இப்படி ஒதுக்கத் தலைமையாசிரியர் சம்மதித்தால் போதும். அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.