ஊருக்கு ஒரு பெயர், நாட்டுக்கு ஒரு சமையல்: 'பெங்களூர் கத்தரிக்காய்' உலகெங்கும் உண்ணப்படுவது எப்படி?

அத்திபெலே: கர்நாடக - தமிழ்நாடு எல்லையில், 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது அத்திபெலே. பெங்களூரு நகர மாவட்டத்தின் ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரைக் கடந்தால் ஜூஜூவாடி, அதன் பின் ஓசூர். எல்லையின் இரு புறத்துக் காய்கறிக் கடைகளிலும் ஆண்டின் பெரும்பகுதி தவறாமல் கிடைக்கும் காய் ஒன்று உண்டு. தமிழகத்தில் அதன் பெயர் சௌ சௌ அல்லது பெங்களூர் கத்தரிக்காய். ஆனால் பெங்களூருவில் அதை யாரும் தங்கள் ஊர்க் கத்தரிக்காய் என்று அழைப்பதில்லை. கன்னடத்தில் அது 'சீமெ பதனெகாயி', அதாவது சீமைக் கத்தரிக்காய்.

உண்மையில் அது கத்தரிக்காயும் அன்று, பெங்களூருவில் தோன்றியதும் அன்று. பூசணி, சுரை, வெள்ளரி ஆகியவை அடங்கிய கொடிக் குடும்பத்தைச் சேர்ந்த இதன் தாயகம் மெக்சிகோவும் அதனை ஒட்டிய நடு அமெரிக்க நாடுகளும் ஆகும். மலிவான காய், சுவையற்ற காய் என்று நம் சமையலறைகளில் ஒதுக்கப்படும் இதன் தளிர், கிழங்கு, விதை ஆகிய அனைத்தையும் பிற நாட்டினர் உணவாக்குகின்றனர். நாம் காயின் சதையை மட்டுமே பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். இந்த வேறுபாடு குடும்பங்களின் உணவுச் செலவையும், பந்தல் அமைத்துப் பயிரிடும் விவசாயியின் வருவாயையும் ஒருசேரப் பாதிக்கிறது.

லால்பாக் வழியே வந்த விருந்தாளி

மெக்சிகோவின் நாவாட்டில் மொழியில் இக்காயின் பெயர் 'சயோட்லி'. அதிலிருந்தே 'சயோட்டே' என்னும் ஸ்பானியப் பெயர் பிறந்தது. ஐரோப்பியர் அமெரிக்கக் கண்டத்தை அடைந்த பின்னர், மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவற்றைப் போல இதுவும் கடல் கடந்து பல நாடுகளுக்குச் சென்றது.

பெங்களூருவுக்கு இதைக் கொண்டுவந்த பெருமை ஜான் கேமரூனுக்குத் தரப்படுகிறது. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் பயிற்சி பெற்ற இவர், 1874ஆம் ஆண்டு முதல் 1908ஆம் ஆண்டு வரை லால்பாக் தோட்டத்தின் கண்காணிப்பாளராகப் பணியாற்றினார். அயல்நாட்டுப் பயிர்களை இந்த மண்ணில் வளர்த்துப் பார்த்து, பயன் தருபவற்றைப் பரப்புவது அன்று லால்பாகின் முக்கியப் பணிகளுள் ஒன்றாக இருந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூருவின் மிதமான தட்பவெப்பம் இக்கொடிக்கு ஏற்றதாக அமைந்தது. அங்கிருந்து தமிழகச் சந்தைகளுக்கு வந்த காய், வந்த வழியின் பெயரையே தன் பெயராகப் பெற்றது.

இத்தகைய பெயர் மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. இந்தோனேசியர் இதனை 'லாபு சியாம்', அதாவது சயாம் நாட்டுச் சுரைக்காய் என்கின்றனர். மிசோரத்தில் வழங்கும் 'இஸ்குட்', சிக்கிம், டார்ஜிலிங், நேபாளப் பகுதிகளில் வழங்கும் 'இஸ்குஸ்' ஆகியவை ஆங்கிலத்தின் 'ஸ்குவாஷ்' என்னும் சொல்லின் திரிபுகள். தமிழகத்திலும் கொடைக்கானல் மலைப் பகுதியில் இதற்கு மேராக்காய் என்னும் பெயர் வழங்குகிறது.

காயே விதை

இக்காயில் ஒரே ஒரு விதைதான் உண்டு. அவ்விதை காயினுள் இருக்கும்போதே முளைவிடும் தன்மை கொண்டது. எனவே விதையைத் தனியே பிரித்து விதைப்பதில்லை. முளைவிட்ட முழுக் காயையே மண்ணில் நடுகின்றனர். பந்தலில் ஏற்றப்படும் கொடி சில மாதங்களில் காய்க்கத் தொடங்கி, முறையாகக் கவாத்து செய்தால் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் பலன் தருகிறது. தமிழகத்தில் திண்டுக்கல் மாவட்டத்தின் சிறுமலை, கொடைக்கானல் மலைச் சரிவுகள் இதன் சாகுபடிக்கு ஏற்ற பகுதிகளாக உள்ளன.

கவாத்தின்போது வெட்டப்படும் இளந்தளிர்களும், வயது முதிர்ந்த கொடியின் வேரில் திரளும் மாவுச்சத்து மிக்க கிழங்கும் இங்கு பெரும்பாலும் விற்பனைக்கு வருவதில்லை. விவசாயிக்குக் காயின் எடைக்கு மட்டுமே விலை கிடைக்கிறது. வரத்து மிகும் நாட்களில் அந்த விலையும் சரிகிறது.

தளிரும் கிழங்கும் உணவாகும் நாடுகள்

தைவானில் நிலைமை நேர்மாறானது. அங்கு காயைவிடத் தளிருக்கே மதிப்பு அதிகம். பற்றுக்கம்பிகளோடு கூடிய இளந்தளிரை 'டிராகன் மீசைக் கீரை' என்று அழைக்கின்றனர். தீயை நன்கு எரியவிட்டு, எண்ணெயில் பூண்டைப் போட்டு, தளிரை ஓரிரு நிமிடங்கள் மட்டும் புரட்டி எடுக்கின்றனர். பிலிப்பைன்ஸில் தளிரைச் சூப்பிலும் வதக்கலிலும் சேர்ப்பது வழக்கம். இஞ்சி மணக்கும் 'தினோலா' என்னும் கோழிச் சூப்பில் பச்சைப் பப்பாளிக்குப் பதிலாக இக்காயை இடுகின்றனர்.

தமிழ் வம்சாவளியினர் கணிசமாக வாழும் ரீயூனியன் தீவில் இதன் பெயர் 'சூசூ'. அத்தீவின் சலாசி பள்ளத்தாக்கு இக்காய்க்குப் புகழ்பெற்றது. தளிரை இஞ்சி, பூண்டு, வெங்காயத்துடன் வதக்கிச் சோற்றுடன் உண்பது அங்கு அன்றாட உணவு. காயை வேகவைத்து மசித்து, பாலும் வெண்ணெயும் சேர்த்த வெள்ளைக் குழம்பு ஊற்றி, மேலே பாலாடைக்கட்டி தூவி அடுப்பில் சுடும் 'கிராத்தான்' விருந்துகளில் இடம்பெறுகிறது. கொடியின் நாரைக் கொண்டு தொப்பியும் கூடையும் பின்னும் கைத்தொழிலும் அங்கு உண்டு. அண்டைத் தீவான மொரீஷியஸில், துருவிய காயை மாவுடன் பிசைந்து ஆவியில் வேகவைக்கும் உருண்டைகள் சீன மரபிலிருந்து பிறந்து அனைவருக்கும் பொதுவான சிற்றுண்டியாகிவிட்டன.

தாயகமான மெக்சிகோவில் மாட்டிறைச்சிச் சூப்புகளில் பெரிய துண்டுகளாக இடம்பெறும் இக்காயின் கிழங்கும் தனி உணவாக மதிக்கப்படுகிறது. கிழங்கை வேகவைத்தும் பொரித்தும் உண்கின்றனர். குவாத்தமாலாவில் வெந்த காயின் நடுச்சதையைத் தோண்டி எடுத்து, சர்க்கரை, உலர்திராட்சை, ரொட்டித்தூள் ஆகியவற்றுடன் கலந்து மீண்டும் ஓட்டினுள் நிரப்பிச் சுடும் இனிப்பு உண்டு. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் அதே முறையில் இறாலும் ரொட்டித்தூளும் நிரப்பி நன்றி நவிலல் நாளில் பரிமாறுகின்றனர். 2005ஆம் ஆண்டின் கத்ரீனா புயலில் அந்நகரின் வீட்டுத் தோட்டக் கொடிகள் பெருமளவு அழிந்தபோது, எஞ்சியிருந்த நாட்டு ரகங்களைத் தேடிக் காப்பாற்றத் தன்னார்வலர்கள் முன்வந்தனர்.

இந்தியாவிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. சிக்கிம், டார்ஜிலிங் மலைகளில் காய், தளிர், கிழங்கு மூன்றும் சந்தைக்கு வருகின்றன. தளிரை உருளைக்கிழங்குடன் வதக்குகின்றனர். கிழங்கை வேகவைத்து உண்கின்றனர். மிசோரம் தலைநகர் ஐஸ்வாலை அடுத்த சிஃபிர் பகுதியில் இக்காய் விவசாயிகளின் முக்கிய வாழ்வாதாரமாக விளங்குகிறது.

சுவையின்மையே பலம்

100 கிராம் பச்சைக் காயில் ஏறத்தாழ 94 கிராம் நீர்தான். எனவே தனக்கென அழுத்தமான சுவை இல்லாமல், சேரும் பொருளின் சுவையை ஏற்றுக்கொள்ளும் இயல்பு இதற்கு உண்டு. இந்தோனேசியர் தேங்காய்ப் பாலிலும், பிரேசில் நாட்டவர் இறாலுடனும் இதைச் சமைப்பதன் காரணம் இதுவே. நம் கூட்டில் பாசிப்பருப்பும் தேங்காயும் சீரகமும் செய்யும் பணியும் அதுவே. தமிழக, கர்நாடகச் சமையலறைகளில் தோலை வீணாக்காமல் உளுத்தம்பருப்பு, மிளகாய், புளியுடன் வதக்கித் துவையலாக அரைக்கும் வழக்கமும் உலகின் சிக்கன மரபுகளுள் ஒன்றாக வைத்து எண்ணத்தக்கது.

சத்துக் கணக்கில் இக்காய் வெறும் நீர் அன்று. 100 கிராமில் 19 கிலோ கலோரி மட்டுமே உள்ளது. நார்ச்சத்து ஏறத்தாழ 1.7 கிராம். குறிப்பிடத்தக்கது ஃபோலேட் சத்து, சுமார் 93 மைக்ரோகிராம். ரத்தச் சிவப்பணுக்கள் உருவாவதற்கும், கருவில் வளரும் குழந்தையின் நரம்புக் குழாய் சரியாக அமைவதற்கும் இச்சத்து இன்றியமையாதது. வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 220 மைக்ரோகிராமும், கர்ப்பிணிக்கு 570 மைக்ரோகிராமும் தேவை என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது.

ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21), 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் ரத்தச்சோகை உள்ளவர்கள் நாட்டில் 57 சதவீதம், தமிழகத்தில் 53.4 சதவீதம், கர்நாடகத்தில் 47.8 சதவீதம். இதற்கு இரும்புச்சத்துக் குறைபாடு முக்கியக் காரணம் என்றாலும் ஃபோலேட் குறைபாட்டுக்கும் பங்கு உண்டு. இக்காய் ரத்தச்சோகைக்கு மருந்து அன்று; மருத்துவர் தரும் மாத்திரைக்கு மாற்றாகவும் ஆகாது. ஆனால் நாளொன்றுக்குக் கீரை உட்பட 400 கிராம் காய்கறி உண்ண வேண்டும் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. குறைந்த வருமானத்தில் குடும்பம் நடத்துவோர் அந்த அளவை எட்டுவதற்கு இத்தகைய மலிவான காய்களே துணை.

சமையலறையில் கவனிக்க வேண்டியவை

காயைத் தோல் சீவும்போது கசியும் பிசின் போன்ற பால் சிலருக்குக் கையில் மரத்துப்போன உணர்வையும் அரிப்பையும் தரும். கையில் எண்ணெய் தடவிக்கொள்வதோ, ஓடும் நீரில் வைத்துச் சீவுவதோ இதைத் தவிர்க்கும். இளங்காய்க்குத் தோல் சீவ வேண்டிய தேவையே இல்லை. நடுவிலுள்ள மென்மையான விதையும் உண்ணத்தக்கது.

ஃபோலேட் நீரில் கரையும் சத்து. நீண்ட நேரக் கொதிப்பிலும் குறையும். வேகவைத்த நீரை வடித்துவிட்டால் சத்தின் ஒரு பகுதி அதனுடன் போய்விடும். கூட்டு, சாம்பார், சூப்பு ஆகியவற்றில் நீரும் உணவாகிவிடுவதால் இழப்பு குறைகிறது. வதக்குவதாயின், காயை மெல்லிய குச்சிகளாக நறுக்கி, அகன்ற சட்டியில் அதிக தீயில் மூன்று நான்கு நிமிடங்கள் புரட்டி, உப்பைக் கடைசியில் சேர்க்க வேண்டும். முதலிலேயே உப்பிட்டால் காய் நீர்விட்டுக் குழைந்துவிடும். ரீயூனியனிலும் மெக்சிகோவிலும் செய்வது போல, மெல்லிதாகத் துருவி எலுமிச்சைச் சாறு, வெங்காயம், கொத்துமல்லியுடன் பச்சையாகவும் உண்ணலாம்.

தளிரை உண்ண விரும்புவோர், பூச்சிக்கொல்லி தெளிக்கப்பட்ட பந்தலிலிருந்து வந்ததைத் தவிர்க்க வேண்டும். காய்க்காக வளர்க்கப்படும் கொடியில் மருந்து தெளித்த உடனே தளிரைப் பறிப்பது பாதுகாப்பானதன்று. வீட்டு மாடியிலோ வேலியிலோ முளைவிட்ட ஒரு காயை நட்டு வளர்ப்பதே எளிய வழி.

அத்திபெலே, பொம்மசந்திரா, ஓசூர் தொழிற்பேட்டைகளில் வடகிழக்கு மாநிலங்கள் உட்பட நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்தோர் பணிபுரிகின்றனர். இஸ்குஸ் தளிரின் சுவை அறிந்தவர்களும் அவர்களுள் உண்டு. வாங்குவோர் இருப்பதை விவசாயிகள் அறிந்தால், இன்று கவாத்தின்போது கழித்துப் போடும் தளிர் நாளை கட்டுக் கட்டாகக் கடைக்கு வரக்கூடும். அதற்குப் புதிய விதையோ புதிய நிலமோ தேவையில்லை; இருக்கும் பந்தலே போதுமானது என்பது குறிப்பிடத்தக்கது.