சூப்பர்சார்ஜர் எவ்வளவு பெருசா போடலாம்? கிராங்க் ஷாஃப்ட் தாங்குமா?

தரங்கம்பாடியைத் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வந்தால், காரைக்கால் மாவட்டம் பூவத்தில் தொடங்குகிறது. அங்கிருந்து நம்பர் பிளேட்டில் 'பி.ஒய் 02' அதிகம் கண்ணில் படும். சாலை வரி குறைவு என்பதால் வெளியூர்க்காரர்களின் விலையுயர்ந்த கார்கள் புதுச்சேரி பதிவெண்ணோடு ஓடுவதும் நமக்குப் பழகிய காட்சிதான். இப்படி 400, 500 குதிரைத்திறன் உள்ள வண்டியை வாங்கியவர்களில் சிலருக்கு அதுவும் போதாமல் போகிறது. "சூப்பர்சார்ஜர் போட்டா இன்னும் 150 குதிரை வருமாமே?" என்று கேட்கிறார்கள்.

வரும். ஆனால் எந்த அளவு சூப்பர்சார்ஜர், அதை எவ்வளவு வேகத்தில் சுற்ற வைப்பது என்று தெரியாமல் போட்டால், முதலில் அடி வாங்குவது என்ஜினின் முதுகெலும்பான கிராங்க் ஷாஃப்ட்.

சூப்பர்சார்ஜர் என்ன செய்கிறது?

என்ஜின் தானாக இழுக்கும் காற்றைவிட அதிகக் காற்றை உள்ளே தள்ளுகிறது. காற்று கூடினால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம், சக்தி கூடும். டர்போவும் இதே வேலையைத்தான் செய்கிறது. டர்போவைச் சுற்றுவது சைலன்சர் பக்கம் போகும் புகை. சூப்பர்சார்ஜரைச் சுற்றுவது கிராங்க் ஷாஃப்ட். பெரும்பாலும் பெல்ட் வழியாக, சிலவற்றில் கியர் வழியாக.

அதனால் சூப்பர்சார்ஜர் போட்ட என்ஜினில் கிராங்குக்கு இரண்டு பக்கமும் வேலை. மேலே பிஸ்டன் பலமாக அடிக்கிறது, முன்னால் பெல்ட் பக்கவாட்டில் இழுக்கிறது.

அந்த அடி எவ்வளவு?

10 செ.மீ. விட்டமுள்ள ஒரு பிஸ்டனை எடுத்துக்கொள்வோம். எரியும்போது உள்ளே 70 பார் அழுத்தம் வந்தால், பிஸ்டன் மேல் விழும் பாரம் சுமார் 5.6 டன். பூஸ்ட் கொடுத்து அது 100 பார் ஆனால் சுமார் 8 டன். 6,000 ஆர்.பி.எம்.-ல் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 3,000 முறை இப்படி அடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் கிராங்க் கொஞ்சம் வளைந்து, கொஞ்சம் முறுக்கிக்கொண்டு, மறுபடி நிமிரும்.

இது ஒழுங்காக எரியும்போது. உள்ளே போகும் காற்று சூடேறி, கலவை ஒழுங்கில்லாமல் வெடித்தால் அதுதான் 'நாக்கிங்'. அப்போது அழுத்தம் சட்டென்று எகிறும், பியரிங்கில் உள்ள மெல்லிய எண்ணெய்ப் படலம் கிழியும். பல என்ஜின்கள் பூஸ்ட் அதிகமானதால் மட்டும் உடைவதில்லை. பூஸ்டோடு சேர்ந்து வரும் சூட்டால் உடைகின்றன.

அளவு முடிவாவது எப்படி? ஒரு நிஜக் கணக்கு

அமெரிக்காவின் டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட் நல்ல உதாரணம். 6.2 லிட்டர் வி8 என்ஜின், 707 குதிரைத்திறன். அதில் உள்ள சூப்பர்சார்ஜர் ஒரு சுற்றுக்கு 2.38 லிட்டர் காற்றைத் தள்ளும். கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் அது 2.36 சுற்று சுற்றும்.

4-ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். 6,000 ஆர்.பி.எம்.-ல் இந்த என்ஜினுக்குத் தேவை நிமிடத்துக்கு 18,600 லிட்டர். அதே நேரத்தில் சூப்பர்சார்ஜர் 14,160 முறை சுற்றி, சுமார் 33,700 லிட்டரைத் தள்ளுகிறது. அதாவது 1.8 மடங்கு. வெளிக்காற்றைவிட 0.8 மடங்கு கூடுதல் அழுத்தம். நிறுவனம் சொல்லும் அதிகபட்ச பூஸ்ட் 11.6 பி.எஸ்.ஐ. நம் கணக்கும் ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்கிறது. (கசிவு பூஸ்டைக் கொஞ்சம் குறைக்கும், சூடு கொஞ்சம் கூட்டும். அதனால் இது தோராயக் கணக்குதான்.)

இப்போது அதே காற்று வேண்டும், ஆனால் சூப்பர்சார்ஜர் 1.7 லிட்டர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நிமிடத்துக்கு சுமார் 19,800 முறை சுற்ற வேண்டும். 3 லிட்டர் என்றால் சுமார் 11,200 முறை போதும்.

அப்போ பெருசுதான் நல்லதா?

ஒரு அளவு வரைக்கும், ஆமாம். சின்னதை விரட்டி ஓட்டினால் உராய்வு கூடும், காற்று அதிகம் சூடாகும், நாக்கிங் பயம் வரும். வேகமாகச் சுற்ற வைக்க மேல் புல்லியைச் சின்னதாக்க வேண்டும். சின்னப் புல்லியில் பெல்ட் பிடிக்கும் பரப்பு குறைவு, அதனால் வழுக்கும். வழுக்காமல் இருக்க பெல்ட்டை இறுக்குவார்கள். அந்த இறுக்கம் நேராகக் கிராங்கின் மூக்கில் விழுகிறது.

பெரியதை நிதானமாகச் சுற்ற வைத்தால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அளவுக்கு மீறிப் பெரியதாக இருந்தால் வேறு பிரச்னை. உள்ளே உள்ள ரோட்டர்களின் எடை கூடும். கியர் மாற்றும்போதும் ஆக்சிலேட்டரைச் சட்டென்று விடும்போதும் அந்த எடை பெல்ட் வழியாகக் கிராங்கை உலுக்கும். இன்னொன்று, ரூட்ஸ் மற்றும் ட்வின் ஸ்க்ரூ வகைகள் குறைந்த ஆர்.பி.எம்.-லேயே முழு பூஸ்ட் கொடுக்கும். பியரிங்கில் எண்ணெய்ப் படலம் மெல்லியதாக இருக்கும் நேரத்தில் பெரிய அடி விழும். சென்ட்ரிஃபியூகல் வகையில் பூஸ்ட் வேகத்தோடு படிப்படியாக ஏறும் என்பதால், கீழ் வேகத்தில் கிராங்குக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

பெல்ட் எவ்வளவு இழுக்கும்?

முழு வேகத்தில் ஹெல்கேட்டின் சூப்பர்சார்ஜரைச் சுற்றவே சுமார் 80 குதிரைத்திறன் செலவாகிறது. ஒரு சின்னக் காரின் முழு என்ஜின் அது! 6,000 ஆர்.பி.எம்.-ல் இது 95 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. கிராங்க் புல்லி 20 செ.மீ. விட்டம் என்று வைத்தால், பெல்ட்டின் இறுகிய பக்கத்துக்கும் தளர்ந்த பக்கத்துக்கும் இடையே மட்டும் சுமார் 97 கிலோ வித்தியாசம். தளர்ந்த பக்கமும் சும்மா தொங்குவதில்லை என்பதால், மொத்தப் பக்கவாட்டு இழுப்பு இதைவிட அதிகம்.

இதனால் முதல் பியரிங் தேயலாம், புல்லியைப் பிடித்திருக்கும் சாவி அறுந்துபோகலாம். அனுபவமுள்ள மெக்கானிக்குகள் கிராங்க் மூக்கில் இரண்டாவது சாவிக்கும் காடி வெட்டுவது இதற்காகத்தான்.

'புல்லி மட்டும் மாத்தலாம்' என்ற ஆசை

ஆபத்து அதிகம் உள்ள இடம் இதுதான். நம் கணக்கில் புல்லியை மாற்றி சூப்பர்சார்ஜர் வேகத்தை வெறும் 10 சதவீதம் கூட்டினால், 1.8 மடங்கு 1.98 ஆகும். அதாவது பூஸ்ட் 0.8-லிருந்து 0.98-க்கு ஏறும். கூடியது 10 சதவீதம் இல்லை, 22 சதவீதம்! சின்ன அலுமினியத் துண்டு, கொஞ்ச நேர வேலை. ஆனால் கிராங்குக்கு அது புது வாழ்க்கை.

அதேபோல் கிராங்க் முன்னால் ரப்பர் வைத்த டாம்பர் இருக்கும். கிராங்க் முறுக்கி நிமிரும்போது வரும் அதிர்வை விழுங்குவது அதன் வேலை. அதைக் கழற்றிவிட்டு 'லைட் வெயிட்' புல்லி போட்டால் வண்டி சுறுசுறுப்பாகத் தெரியும், ஆனால் அதிர்வு முழுவதும் கிராங்குக்கே போகும். ஹெல்கேட்டுக்கு ஃபோர்ஜ் செய்த எஃகுக் கிராங்க்கோடு, தனியாக டியூன் செய்த டாம்பரையும் கொடுத்திருக்கிறார்கள்.

கம்பெனிகள் எப்படிச் செய்கின்றன?

2015-ல் இந்தியாவுக்கு வந்த கவாசாகி நிஞ்ஜா ஹெச்2 பைக்கைப் பாருங்கள். 998 சிசி என்ஜின், 69 மில்லிமீட்டர் விட்டமுள்ள சின்ன இம்பெல்லர். பெல்ட் கிடையாது. கிராங்கிலிருந்து கியர் வழியாகச் சுற்றுகிறது, கிராங்கைவிட 9.2 மடங்கு வேகத்தில். இவ்வளவு வேகம் கொடுத்தவர்கள் என்ஜினின் கம்ப்ரஷன் விகிதத்தை 8.5-ஆகக் குறைத்தார்கள். டாட்ஜும் அதையே செய்தது. சூப்பர்சார்ஜர் இல்லாத 6.4 லிட்டர் ஹெமி என்ஜினில் 10.9, ஹெல்கேட்டில் 9.5. சூப்பர்சார்ஜரை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. கிராங்க், பிஸ்டன், கம்ப்ரஷன், கூலிங் எல்லாம் சேர்ந்து ஒரே கணக்கு.

கடைக்குப் போகும் முன்

முதலில் எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். அதற்கு எவ்வளவு காற்று தேவை என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். அந்தக் காற்றை, தன் உச்ச வேகத்துக்குக் கொஞ்சம் கீழேயே சுற்றித் தரக்கூடிய அளவைத் தேர்ந்தெடுங்கள். கிராங்க் வார்ப்பா, ஃபோர்ஜா? சாவி எத்தனை? டாம்பர் எது? இன்டர்கூலர் உண்டா? இதற்கெல்லாம் பதில் சொல்லாமல், "எத்தனை பி.எஸ்.ஐ. வேணும் சொல்லுங்க" என்று மட்டும் கேட்கும் கடையை விட்டுவிடுங்கள்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. சொல்லாமல் செய்த மாற்றத்தால் விபத்தின்போது காப்பீடும் கைவிட்டுப் போகலாம். பி.ஒய் பிளேட்டுக்கு இதில் தனிச் சலுகை எதுவும் இல்லை. பந்தயத் தடத்துக்கு மட்டும் என்று தனி வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பயன்படும். பூவம் வழியாக வேலைக்குப் போகும் வண்டிக்கு, கம்பெனி கொடுத்த குதிரைகளே தாராளம்.